இரண்டு பாடமாகப் பிரிந்த மூளை

உயர்தரத்தில் உயிரியல் படித்த எங்களில் கனபேருக்கு இது நினைவிருக்கும். குருதிச் சுற்றோட்டம் ஒரு பாடம், நரம்புத் தொகுதி இன்னொரு பாடம். இதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்து, நாடிக்குச் சிவப்பு, நாளத்துக்கு நீலம் எண்டு நிறம் தீட்டி, சோதனையும் எழுதி முடிச்ச பிறகுதான் மூளைக்கு வருவோம். அந்த மூளைப் படத்தில் ஒரு குருதிக்குழாய்கூட இருக்காது. நாங்களும் ஏன் எண்டு கேட்டதில்லை.

உண்மையான மூளை அப்படி இல்லை. எங்கட உடல் நிறையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கிற நேரத்திலும் உடல் எடுக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. நாளைக்கு எண்டு சேர்த்து வைக்கிற வசதியும் அதற்கு இல்லை. குருதி ஓட்டம் நின்றால் சில வினாடிகளில் மயக்கம் வரும், சில நிமிடங்களில் கலங்கள் சாகத் தொடங்கும். அதனால் மூளைக்குள் எந்த நரம்புக்கலத்தை எடுத்தாலும் அதற்கு மிகப் பக்கத்தில் ஒரு மயிர்க்குழாய் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்ப கேள்வி இதுதான். தாயின் வயிற்றுக்குள் மூளை உருவாகும்போது, நரம்புக்குப் பக்கத்தில் குழாய் வரவேணும் எண்டு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? முளையத்தில் முதலில் உருவாகும் நரம்புக்குழாய்க்குள் குருதிக்குழாய் ஒன்றுமே கிடையாது. குழாய்கள் வெளியே, அதைச் சுற்றி வலைபோல நிற்கின்றன. பிறகு அங்கிருந்து கிளைவிட்டு உள்ளே நுழைகின்றன. எப்போது நுழைவது, எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே நிற்பது?

இதற்கு விடை தேடின வரலாற்றை எழுத நினைத்தோம். எழுத இறங்கினால், அது முழுக்க வெற்றிக்கதையாக இல்லை. நரம்பைப் படித்தவர்களும் குருதியைப் படித்தவர்களும் தனித்தனி அறைகளில் இருந்த காலத்தில், இந்த உறவு விளங்காததால் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையை இழந்த கதையும் அதற்குள் இருக்கு.

பிரிவு தொடங்கிய இடம்

1543இல் பாசல் நகரில் அந்திரேயாஸ் வெசாலியசின் பெரிய உடற்கூற்று நூல் அச்சானது. ஏழு புத்தகங்கள். மூன்றாவது குருதிக்குழாய்களுக்கு, நான்காவது நரம்புகளுக்கு, மூளைக்கு ஏழாவது. குழாய்களை மட்டும் கொண்ட முழு மனித உருவம் ஒரு பக்கத்தில், நரம்புகளை மட்டும் கொண்ட உருவம் இன்னொரு பக்கத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மரத்தின் இரண்டு பிரதிகள்போல இருக்கும். இரண்டும் ஒரேமாதிரிக் கிளைவிட்டு, கைகால்களுக்குள் பல இடங்களில் ஒரே வழியால் போகின்றன. ஆனால் விளங்கப்படுத்துவதற்காக அவர் பிரித்து வைத்தார். பிரிக்காமல் படிக்கவும் ஏலாது. பிரச்சினை என்னவென்றால், அந்தப் பிரிவு எங்கட பாடப்புத்தகம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

1664இல் லண்டனில் தோமஸ் வில்லிஸ் மூளையின் உடற்கூறு பற்றி எழுதினார். படங்களை வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் சென் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் ரென். மூளையின் அடியில் நாடிகள் வட்டமாக இணைந்திருப்பதை அந்த நூல் தெளிவாகக் காட்டியது. இன்றைக்கும் அதற்கு வில்லிஸ் வட்டம் எண்டுதான் பெயர். மூளையையும் குருதியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த அருமையான தருணம் அது. ஆனால் வில்லிஸ் பார்த்தது கட்டிமுடிந்த வீட்டை. அது எப்படிக் கட்டப்பட்டது எண்டு பார்ப்பதற்கு நல்ல நுணுக்குக்காட்டியும் கலத்துக்குச் சாயம் ஏற்றும் முறையும் வேணும். அதற்கு இருநூறு வருசத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே வால், இரண்டு பேர்

1873இல் இத்தாலியில் கமில்லோ கொல்ஜி நரம்புக்கலங்களைக் கறுப்பாகக் காட்டும் ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்தார். ஸ்பெயினில் சந்தியாகோ ரமோன் இ கஹால் அதைக் கையில் எடுத்துக் கோழி முளையங்களைப் பார்த்தார். 1890இல், வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பு நாரின் நுனியில் விரல்கள் நீட்டிய ஒரு சிறு கூம்பு இருப்பதை விவரித்தார். அதுதான் வளர்கூம்பு. அவர் பார்த்ததெல்லாம் இறந்து, சாயமேறிய இழையம். ஆனாலும் அந்தக் கூம்பு நகர்ந்து வழிதேடிப் போகிறது எண்டு ஊகித்தார். ஏதோ இரசாயனப் பொருள் அதை இழுக்கிறது என்ற எண்ணத்தையும் அடுத்த இரண்டு வருசத்துக்குள் முன்வைத்தார். 1906இல் கொல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. நரம்புக்கலங்கள் தனித்தனியானவையா, ஒன்றோடொன்று ஒட்டிய வலையா என்பதில் இருவரும் மேடையிலும் ஒத்துப்போகவில்லை.

அடுத்த வருசமே அமெரிக்காவில் ரொஸ் ஹரிசன், தவளை முளையத்தின் நரம்புத் துண்டொன்றை ஒரு துளி நிணநீரில் தொங்கவிட்டு, நார் வளர்வதை உயிரோடு பார்த்தார். கஹாலின் ஊகம் சரி. கூம்பு உண்மையாகவே நகர்கிறது.

இனித்தான் எங்களுக்குச் சிரிப்பும் கவலையும் சேர்ந்து வந்த இடம். 1918இல் எலியட் கிளார்க் என்ற அமெரிக்கர், கண்ணாடிபோலத் தெளிவான வாற்பேத்தையின் வாலில் குருதிக்குழாய்கள் மொட்டுவிட்டு வளர்வதைக் கவனித்து எழுதினார். 1930களில் கார்ல் ஸ்பைடெல் என்ற இன்னொரு அமெரிக்கர் வாற்பேத்தையின் வாலிலேயே நரம்புகள் வளர்வதைக் கவனித்து எழுதினார். ஒரே வால். ஒருவர் குழாயின் நுனியைப் பார்த்தார், மற்றவர் நரம்பின் நுனியைப் பார்த்தார். இரண்டு நுனியும் ஒரே கேள்வியை எதிர்கொள்கின்றன என்ற எண்ணம் ஆய்வுலகில் வேரூன்ற இன்னும் அறுபது, எழுபது வருசம் எடுத்தது.

ரீட்டா லெவி-மொன்டல்சினியின் கதையிலும் இப்படி ஒரு தவறிய தருணம் இருக்கு. 1938இல் முசோலினியின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தள்ளப்பட்ட யூதப் பெண் அவர். போர்க்காலத்தில் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கிக் கோழி முட்டைகளோடு வேலை செய்தார். 1947இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகருக்குப் போனார். எலியின் புற்றுக்கட்டித் துண்டொன்றைக் கோழி முளையத்தில் ஒட்டினபோது, நரம்பு நார்கள் கட்டுக்கடங்காமல் வளர்ந்தன. முளையத்தின் நாளங்களுக்கு உள்ளேயே புகுந்து குருதி ஓட்டத்தை அடைக்கும் அளவுக்கு வளர்ந்தன. கட்டியிலிருந்து ஏதோ பொருள் கரைந்து பரவுகிறது எண்டு அவர் சரியாகவே முடிவெடுத்தார். அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து 1986இல் நோபல் பரிசும் வந்தது. நாளத்துக்குள் நரம்பு புகுந்த அந்தக் காட்சியோ, அந்தப் பொருளின் பலத்துக்குச் சாட்சியாக மட்டும் வாசிக்கப்பட்டது. குழாய்க்கும் நரம்புக்கும் இடையில் என்ன பேச்சு எண்டு அப்போது கேட்கப்படவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குழந்தைகள்

விழித்திரை கண்ணின் ஒரு பகுதி எண்டுதான் நாங்கள் படிச்சிருக்கிறம். ஆனால் முளையத்தில் அது மூளையிலிருந்தே புடைத்து வெளியே வரும் பகுதி. அதாவது, வெளியிலிருந்து எட்டிப் பார்க்கக்கூடிய மூளைத் துண்டு. மனித முளையத்தில் ஏறத்தாழ 16ஆம் கிழமையில் குருதிக்குழாய்கள் விழித்திரையின் நடுப்பகுதியிலிருந்து ஓரத்தை நோக்கி வளரத் தொடங்குகின்றன. ஓரத்தைப் போய்ச் சேர்வது பிறப்பை அண்டிய கிழமைகளில்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த வேலை பாதியில் நிற்கும்.

1942இல் பொஸ்ரன் நகரின் கண் மருத்துவர் தியடோர் டெரி, குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் வில்லைக்குப் பின்னால் வெண்மையான இழையம் படர்வதை அறிவித்தார். அந்தக் குழந்தைகளுக்குப் பார்வை இல்லை. அடுத்த பத்து வருசத்தில் இது வசதியான நாடுகளின் நல்ல மருத்துவமனைகளில் ஒரு கொள்ளைநோய்போலப் பரவியது. காரணம் விளங்காமல் விற்றமின், வெளிச்சம், தொற்று எண்டு பலதையும் சந்தேகித்தார்கள்.

1951இல் மெல்பேர்னில் கேற் கம்பல் என்ற குழந்தை மருத்துவர் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார். ஒட்சிசனைத் தாராளமாகக் கொடுத்த இடத்தில் நோய் கூட, மட்டாகக் கொடுத்த இடத்தில் குறைவு. அமெரிக்காவில் ஆர்னல் பாட்ஸ் இதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, குறைந்த ஒட்சிசன் கிடைத்த குழந்தைகளுக்கு இரவில் சில தாதிமார் இரகசியமாக ஒட்சிசனைக் கூட்டிவிட்டதாக அவரே பின்னாளில் சொன்னார். அந்தத் தாதிமாரை நாங்கள் குறை சொல்லமாட்டோம். மூச்சுத்திணறும் பிள்ளைக்குக் காற்றைக் குறைக்கச் சொன்னால் எந்த மனம் கேட்கும்? 18 மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வின் முடிவு 1954இல் வந்தது. அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசன்தான் காரணம். அதற்குள் உலகம் முழுக்க ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள்.

பிறகு எல்லா இடமும் ஒட்சிசனை இறுக்கினார்கள். கண் நோய் குறைந்தது. ஆனால் ஒட்சிசன் போதாமல் இறந்த குழந்தைகளின் தொகை கூடியது எண்டு பின்னாளில் கணக்குப் பார்த்தவர்கள் எழுதினார்கள். கூட்டினாலும் இழப்பு, குறைத்தாலும் இழப்பு. எந்த அளவு சரி எண்டு சொல்ல, குழாய் ஏன் வளர்கிறது என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை வேணும்.

அந்த விடையின் பாதி ஏற்கெனவே அச்சில் இருந்தது. 1948இல் ஐசக் மைக்கல்சன் என்ற கண் மருத்துவர், விழித்திரையில் குழாய்கள் வளரும் விதத்தைக் கவனித்து, விழித்திரை இழையமே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களைக் கூப்பிடுகிறது எண்டு எழுதினார். பெயர் தெரியாத அந்தப் பொருளைப் பிறகு 'எக்ஸ் காரணி' எண்டு அழைத்தார்கள். அதை ஒருத்தரும் கையில் பிடிக்கவில்லை. அதனால் அது ஊகமாகவே கிடந்தது.

குழாய்க்குப் பாடம் எடுக்கும் மூளை

மூளையின் குழாய்கள் மற்ற இடத்துக் குழாய்கள் மாதிரி இல்லை எண்டு முன்னரே தெரியும். 1885இல் ஜேர்மனியில் போல் எர்லிக் விலங்குகளின் குருதியில் சாயம் ஏற்றியபோது, மற்ற உறுப்புகளில் சாயம் ஏறியது, மூளையில் ஏறவில்லை. 1913இல் எட்வின் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் நேராக விட்டார். அப்போது மூளை நிறமேறியது, மற்ற உறுப்புகள் ஏறவில்லை. குருதிக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கு.

அந்தத் தடுப்பைக் குழாய் பிறக்கும்போதே கொண்டு வருகிறதா, மூளைக்குள் வந்து கற்றுக்கொள்கிறதா? 1981இல் பற்றீசியா ஸ்ருவட், மைக்கல் வைலி என்ற இரு ஆய்வாளர்கள் காடையையும் கோழியையும் வைத்து இதற்கு விடை கண்டார்கள். காடையின் கலங்களை நுணுக்குக்காட்டியில் கோழியின் கலங்களிலிருந்து பிரித்தறியலாம். அதனால் எது யாருடையது எண்டு குழம்பாது. இன்னும் குழாய் நுழையாத காடை மூளைத் துண்டை எடுத்துக் கோழி முளையத்தின் வயிற்றறைக்குள் வைத்தார்கள். வயிற்றுக் குழாய்கள் அந்தத் துண்டுக்குள் வளர்ந்தன. வளர்ந்தவை மூளைக் குழாயின் தடுப்பைப் பெற்றுவிட்டன. மறுபக்கமாக, வயிற்றுப் பகுதி இழையத்தை மூளைக்குள் வைத்தபோது, அதற்குள் வளர்ந்த மூளைக் குழாய்களுக்குத் தடுப்பு இல்லை.

எங்களுக்கு இந்தப் பரிசோதனையில் பிடித்தது அதன் எளிமை. குழாய் எங்கிருந்து வந்தது என்பதைவிட, எந்த அயலில் வளர்ந்தது என்பதுதான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரே வாங்கி, இரண்டு விளக்கம்

இதற்கிடையில் குருதிக்குழாய் ஆய்வு இன்னொரு வழியால் ஓடிக்கொண்டிருந்தது. 1971இல் பொஸ்ரனில் ஜூடா போக்மன், புற்றுக்கட்டிகள் தங்களுக்கான குழாய்களைத் தாங்களே வரவழைக்கின்றன எண்டு வாதிட்டார். 1983இல் ஹரோல்ட் டிவோரக்கின் குழு, குழாய்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகளில் கண்டது. 1989இல் கலிபோர்னியாவில் நப்போலியோனே பெராராவின் குழு, குழாய் வளரத் தூண்டும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தது. இரண்டும் ஒரே புரதம்தான். இன்றைக்கு அதை வி.ஈ.ஜி.எஃப் எண்டு சொல்லுறம். ஒட்சிசன் குறைந்தால் கலங்கள் அதைக் கூடச் சுரக்கும், நிறைந்தால் குறைக்கும். மைக்கல்சனின் எக்ஸ் காரணி இப்படித்தான் கையில் சிக்கியது.

நரம்புப் பக்கத்தில் 1990கள் வழிகாட்டி மூலக்கூறுகளின் காலம். 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் மார்க் டெசியர்-லவீனின் குழு கண்டெடுத்த ஒன்றுக்கு 'நெற்றின்' எண்டு பெயர் வைத்தார்கள். வழிநடத்துபவரைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. நாங்கள் கண்ணுக்குச் சொல்லும் 'நேத்திரம்' வந்ததும் அதே வேரிலிருந்துதான். சில மூலக்கூறுகள் வளர்கூம்பை இழுக்கும், சில தள்ளிவிடும். தள்ளிவிடும் வகையில் ஒன்று செமபோரின்.

செமபோரினை நரம்பு நார் எதைக்கொண்டு உணர்கிறது? 1997இல் இரண்டு குழுக்கள் ஒரே விடையைச் சொல்லின. நியூரோபிலின் என்ற வாங்கி. ஜப்பானில் ஹஜிமே புஜிசவாவின் குழு தவளை வாற்பேத்தையின் மூளையில் முன்னரே கண்டிருந்த புரதம் அது. பார்த்தீர்களா, திரும்பவும் வாற்பேத்தை.

அடுத்த வருசம், 1998இல், பொஸ்ரனில் மைக்கல் கிளாக்ஸ்பிரனின் குழு வி.ஈ.ஜி.எஃப் குழாய்க் கலங்களில் எதோடு ஒட்டுகிறது எண்டு தேடியது. அவர்கள் குழாய்களைப் படிப்பவர்கள். நரம்பு அவர்கள் தேடின பொருளே இல்லை. ஆனால் கையில் வந்தது அதே நியூரோபிலின். நரம்பில் 'அங்கால போகாதே' என்ற செய்தியைக் கேட்கும் வாங்கி, குழாயில் 'இஞ்சால வா' என்ற செய்தியையும் கேட்கிறது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 2003இல் ஹோல்கர் கெர்ஹார்ட், கிறிஸ்தர் பெட்ஷோல்ட்ஸ் ஆகியோரின் குழு, புதிதாய்ப் பிறந்த எலிகளின் விழித்திரையில் வளரும் குழாயின் நுனிக்கலம் விரல்களை நீட்டி வி.ஈ.ஜி.எஃப் இருக்கும் திசையைத் தேடுவதைக் காட்டியது. கஹால் 1890இல் விவரித்த கூம்புக்குப் பக்கத்தில் இந்தப் படத்தை வைத்தால் அண்ணன் தம்பி எண்டு சொல்லலாம். 2004இல், நெற்றினைக் கேட்கும் வாங்கி ஒன்று குழாயின் நுனிக்கலத்திலும் இருப்பது தெரிந்தது.

பேச்சு இரண்டு பக்கமும்

இப்ப அந்தக் குறைமாதக் குழந்தைகளிடம் திரும்பி வருவோம். கருப்பைக்குள் ஒட்சிசன் குறைவு. வளரும் விழித்திரையின் நரம்புக்கலங்கள் உடுக்கலங்களை முன்னால் அனுப்புகின்றன. அவை நரம்பு நார்களின் மேல் வலைபோலப் பரவி, ஒட்சிசன் போதாத இடத்தில் வி.ஈ.ஜி.எஃப்பைச் சுரக்கின்றன. குழாய்கள் அந்த வலையில் காலடி வைத்து வளர்கின்றன. பிறந்தவுடன் குழந்தைக்கு மிதமிஞ்சிய ஒட்சிசன் கொடுத்தால் கூப்பிடும் குரல் நின்றுவிடும். வளர்ந்த இளம் குழாய்களும் கருகிப்போகும். சில கிழமையில் நரம்புக்கலங்கள் முதிர்ந்து பசி கூடும்போது, குரல் ஓலமாக மாறும். அப்போது குழாய்கள் முறைகெட்டு வளர்ந்து, கசிந்து, விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். 1940களில் ஒரு தாதிக்கோ மருத்துவருக்கோ இதைச் சொல்ல ஆள் இல்லை.

குழாய்களும் சும்மா கேட்டுக்கொண்டு இருப்பதில்லை. 2004இல் சாலி டெம்பிளின் குழு, குழாய்க் கலங்களுக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்த நரம்பு மூலக்கலங்கள் தங்களைப் புதுப்பித்துக்கொண்டு பெருகுவதைக் காட்டியது. 2016இல் எலி முளையங்களில் செய்த ஆய்வொன்று, குழாய் வந்து ஒட்சிசனைக் கொடுப்பதே மூலக்கலம் பெருகுவதை விட்டு நரம்புக்கலமாக மாறுவதற்கு ஒரு சைகை எண்டு சொன்னது. குழாயை வெறும் தண்ணீர்க் குழாயாகப் பார்த்த எங்கட பழைய படம் அதோடு போச்சு.

இந்த அறிவு இன்றைக்கு ஒரு புதிய சங்கடத்தையும் கொண்டு வந்திருக்கு. குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் வி.ஈ.ஜி.எஃப்பை அடக்கும் மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். 2011இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு அது பரவலானது. பார்வையைக் காப்பாற்றுகிறது, உண்மை. ஆனால் அதே புரதம் நரம்புக்கலங்கள் உயிரோடு இருக்கவும் உதவுகிறது. கண்ணில் போட்ட மருந்தில் கொஞ்சம் குருதிக்குள்ளும் போகும். அந்தக் குழந்தையின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் மருத்துவர்கள் ஆகக் குறைந்த அளவு எது எண்டு தேடுகிறார்கள், ஊசி போட்ட பிள்ளைகளை வருசக்கணக்காகக் கவனிக்கிறார்கள். 1950களில் ஒட்சிசனோடு நடந்த அதே இழுபறி, வேறு பெயரில்.

இதில் யாரையும் முட்டாளாக்க நாங்கள் விரும்பவில்லை. வெசாலியஸ் பிரித்துக் காட்டியிருக்காவிட்டால் சேர்த்துப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. வசதிக்காகப் போட்ட கோடு அது. உடம்பே போட்ட கோடு எண்டு பிறகு நம்பினதில்தான் பிழை வந்தது. வீட்டில் தம்பி, தங்கச்சி யாராவது உயர்தர உயிரியல் படித்தால், மூளைப் படம் வரையும்போது பக்கத்தில் இருந்து சிவப்புப் பென்சிலையும் எடுத்துக் கொடுங்கோ. சோதனையில் அதற்கு ஒரு புள்ளியும் கிடைக்காது. பரவாயில்லை.